கரையில் முள் கிடக்கிறது

(உலகப் புற்றுநோய் நாளன்று, சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, முன்னாள் ஊராட்சித் தலைவர் அவர்களே, இந்த நிழலை நமக்கு ஒதுக்கித் தந்த தலைமையாசிரியர் அவர்களே, கிராம சுகாதாரச் செவிலியர் தங்கச்சி, மகளிர் குழுத் தலைவி அக்கா, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் பால் சங்கச் செயலரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. பால் சங்கச் செயலர் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்பியவர்கள் உடம்பு, சாப்பாடு, மனசு மூன்றையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசச் சொன்னார்கள். மூன்றையும் பேசுகிறேன். முதலில் உடம்பு.

'நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை.' என்னிடம் படித்தவர்கள் சிரிக்கிறீர்கள். முப்பது வருஷம் வகுப்பில் சொன்னது, இன்றைக்கும் இரண்டு மூன்று தடவை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அயித்தைக்கு மார்பில் கட்டி. மதுரையில் ஆபரேஷன், மருந்து ஏற்றினார்கள், கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். எல்லாம் முடிந்து வந்ததும் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டோம். வந்தவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். அலமாரியில் பதினொன்று எண்ணினேன். "கையைத் தூக்காதே, வீங்கிரும்" என்று ஒருத்தி. "குனியாதே, தையல் பிரிஞ்சுரும்" என்று இன்னொருத்தி. தண்ணீர்ச் செம்பைக்கூட நாங்கள்தான் எடுத்துக் கொடுத்தோம். பாசம்தான், தப்புச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் அவருக்குக் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு ஆள் வேண்டியதாகிவிட்டது. படுத்தால் பாயும் பகை!

நாலாவது மாதம் ஒரு சாயங்காலம், அவர் வளர்த்த வெள்ளாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. வீட்டில் வேறு ஆள் இல்லை. அயித்தை எழுந்துவிட்டார். ஆடு கண்மாய்க் கரையில் ஏறுகிறது, பின்னால் அயித்தை, அவரைப் பிடிக்க நான், என் பின்னால் என் சம்சாரம், "ஐயோ, ஆபரேஷன் பண்ண உடம்பு" என்று தெருவே பின்னால். கோயில் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்குக்கூட அத்தனை கூட்டம் வராது. மடைக்குப் பக்கத்தில் ஆடே சலித்துப்போய் நின்றுவிட்டது. அயித்தை கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, "என்ன மருமகனே, ஊரே வந்திருக்கு, யாருக்கும் வேலை இல்லையா?" என்றார்.

சிரியுங்கள். நாங்களும் சிரித்துக்கொண்டேதான் திரும்பினோம். வீட்டு வாசலில் பார்த்தால் சிமெண்டுத் தரையில் ரத்தக் கால்தடம். உள்ளங்காலில் இரண்டு கருவேல முள், ஒன்று பாதி ஒடிந்து உள்ளே. அவருக்கு வலிக்கவே இல்லை. அடுத்த வாரம் டாக்டரிடம் பயந்து பயந்து சொன்னோம். ஓடியதற்கு அவர் திட்டவில்லை. "நல்லதுதான். செருப்பு எங்கே?" என்று கேட்டார். புற்றுநோய்க்கு ஏற்றுகிற கீமோ மருந்துகளில் சில, கால் நரம்பை மரத்துப்போகச் செய்யுமாம். முள் குத்தினாலும் தெரியாது, கல் கிழித்தாலும் தெரியாது.

சிகிச்சை முடிந்தவர்கள் உடம்பை அசைப்பது நல்லது என்பது நம் அயித்தை கதை மட்டும் இல்லை. 2009-இல் அமெரிக்காவில் மார்பு ஆபரேஷன் ஆன, கை வீக்கம் உள்ள 141 பெண்களை எடுத்து, பாதிப் பேரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்க வைத்தார்கள். தூக்கியவர்களுக்குக் கை கூடுதலாக வீங்கவில்லை. 2025-இல் வந்த இன்னொரு ஆய்வு: பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்த 889 பேர். பாதிப் பேருக்கு மூன்று வருஷம் ஆள்வைத்து உடற்பயிற்சி, மீதிப் பேருக்குப் புத்தகத்தில் அச்சடித்த அறிவுரை. எட்டு வருஷத்தில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடு, மற்றவர்களில் 83 பேர். அந்த ஏழு பேரை நினைத்துப் பாருங்கள்.

வாரத்துக்கு 150 நிமிஷம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயப்படாதீர்கள், பத்து நிமிஷத்தில் ஆரம்பிக்கலாம். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. காய்ச்சல் இருந்தால், நோய் எலும்புக்குப் போயிருந்தால் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். புகையிலை போட்டு வாயில் வந்து, கழுத்து ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தோள் இறங்கிவிடும். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. அரசாங்கத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே நடப்பது? இதைத்தான் நான் பேச வந்தேன். 2023 நவம்பரில் அரசாங்கம் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை போட்டது. நல்ல திட்டம். அயித்தை அதில் நடக்க இரண்டு பஸ் மாறணும். நம் தார் ரோட்டில் மணல் டிப்பர். மிச்சம் கண்மாய்க் கரை. ஆலமர நிழல், காற்று, எல்லாம் உண்டு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் வேலி கட்டினதுபோல நிற்கிறது. கீழே முழுக்க முள். கால் மரத்தவர்களை அதிலா நடக்கச் சொல்வது?

இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் என்மேல் கோபப்படுவீர்கள், தெரியும். கண்மாய்க்குள்ளே இருப்பதைப் பிறகு பேசலாம். கரையின் மேல், பத்தடி அகலத்துக்கு, வேரோடு எடுங்கள். வெட்டி மட்டும் விட்டால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் தழைக்கும். நாலு விளக்கு. மடைக்குப் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. முன்னாள் தலைவர் அவர்கள் தலையாட்டுகிறார், இதை எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் ஒரு பொம்பளை சும்மா நடந்தால், "எங்கத்தா போற?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். அயித்தை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலையில் காலித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, இப்போது செருப்போடு, போகிறார். பால் வாங்கப் போவதாக ஊர் நினைக்கிறது. பால் சங்கச் செயலருக்கு மட்டும் உண்மை தெரியும். நடந்தால் நாடெல்லாம் உறவு என்பது வாளி இல்லாமல் நடந்தாலும் பலிக்கணும்.

சாப்பாடும் மனசும் பாக்கி. மைக் தம்பி கையைக் காட்டுகிறார், மருத்துவர் அம்மா பேசணும், அவரே சொல்லிவிடுவார். மார்ச் 22 கிராம சபையில் கரை முள்ளைப் பற்றிய மனுவைக் கொடுக்கப் போகிறோம். மனு அந்த மேஜையில், தலைமையாசிரியர் பக்கத்தில் இருக்கிறது. டீ குடிக்கப் போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.