உடம்பில் தெரிகிற வேலை

ராயபுரத்தில் ஒரு படிப்பகத்தில் ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்

அக்காக்களே, அண்ணன்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் விமர்சகன் இல்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் வரிசையில் நின்று படம் பார்த்து வளர்ந்தவன். 1967-ல் திறந்த அந்தத் தியேட்டர் 2020-ல் மூடியபோது, சொந்த வீட்டை விற்ற மாதிரி இருந்தது. அந்த உரிமையில் பேசுகிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு. சட்டை போட்டாலும் அந்தப் பக்கம் சற்று மேடாகத் தெரியும். கோதுமை இறக்கிவிட்டு வரும் நாளில் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். கொல்லையில் உட்கார வைத்து நான்தான் முதுகு தேய்த்துவிடுவேன். அந்தக் காய்ப்பின்மேல் மட்டும் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அவருக்கு உறைக்காது. அதனால் எந்தப் படம் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். இந்த ஆள் என்ன வேலை செய்கிறான்? அந்த வேலை இவன் உடம்பில் தெரிகிறதா?

‘வாழை’ படத்தில் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வந்த படம். மாரி செல்வராஜ் தன் சிறுவயதையே எடுத்திருக்கிறார். சிவனைந்தன் என்கிற பையன் நன்றாகப் படிக்கிறவன். ஆனால் லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போயாக வேண்டும். சேற்றில் கால் வைத்து, தலையில் தாரோடு அவன் நடக்கும்போது கழுத்து உள்ளே போய்விடுகிறது. அந்தக் கழுத்து நடிப்பு இல்லை, பாரம்.

அந்தப் படத்தில் கூலிப் பேச்சு ஒன்று வருகிறது. தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடு என்று, கூடத் தார் சுமக்கிற கனி கேட்கிறான். ஒரு ரூபாய்தான். நம் பக்கத்து ஜனங்களுக்கு இது புதிதா? பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தானே 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது! பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். கேட்டவனுக்கு என்ன நடக்கும் என்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும். படத்திலும் அதுதான் நடக்கிறது. கூலியைக் கூட்டியவர்கள் வண்டிச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். வேலை முடிந்தவர்கள் தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏறிப் போகிறார்கள்.

முடிவைச் சொல்லக் கூடாது என்பார்கள். பெரும்பாலும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், சொல்லிவிடுகிறேன். அந்த லாரி கவிழ்ந்து ஆட்கள் சாகிறார்கள். ஊரே ஒப்பாரி வைக்கிறது. அந்தப் பையனுக்கோ பசி. சோற்றுப் பானையைத் திறந்து அள்ளித் தின்கிறான். நான் வீட்டில் அம்மாவோடு பார்த்தேன். அம்மா திரையைப் பார்த்து, “தின்னட்டும், யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க” என்றது. அதற்குப் பிறகு நான் அந்தப் படத்தைப் பற்றி எந்த விமர்சனமும் படிக்கவில்லை.

‘லப்பர் பந்து’ பற்றி எல்லோரும் கிரிக்கெட்டைப் பேசுகிறார்கள். சரி, எனக்கும் பிடித்தது. ஆனால் என் ஓட்டு டிராக்டர் ஓட்டும் யசோதைக்குத்தான். அந்த ஸ்டியரிங்கை அவர் பிடிப்பதிலேயே அந்த வீட்டை யார் தாங்குகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

அப்புறம் ‘மெய்யழகன்’. இரண்டு பேர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பேசுகிறார்கள், இதில் வேலை எங்கே என்று கேட்பீர்கள். ஒரு பழைய சைக்கிள் இருக்கிறது. தஞ்சாவூரை விட்டுப் போன அருள்மொழி குடும்பம் விட்டுச் சென்ற சைக்கிள். அதை மிதித்துத்தான் இன்னொரு குடும்பம் தலையெடுத்தது. கொடுத்தவனுக்கு அது நினைவிலேயே இல்லை, வாங்கியவன் மறக்கவே இல்லை. அந்த நன்றியைத் தாங்க முடியாமல், அவன் பெயர் நினைவில்லாமல், அதைக் கேட்கக்கூட வெட்கப்பட்டு, விடியுமுன் சொல்லாமல் ஓடிவிடுகிறார் அருள். அரவிந்த்சாமி அந்த வெட்கத்தைச் செய்த விதம் எனக்கு இன்னும் கலையவில்லை. படம் வந்த சில நாளில், நீளம் என்று சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு வருத்தம்தான். பேச்சே படமாக இருக்கும்போது பேச்சை வெட்டினால் எப்படி?

இங்கே என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். வடசென்னை என்று போர்டு போட்டு வருகிற படங்களில் நம் ஆள் பெரும்பாலும் கத்தியோடுதான் அறிமுகமாகிறான். 2014-ல் ‘மெட்ராஸ்’ பார்த்தபோது எனக்கு ஏன் நெஞ்சு நிறைந்தது என்றால், வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து காளி ஐ.டி. கம்பெனி வேலைக்குப் போனான். காசிமேட்டில் விடியுமுன் ஏலம் நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். நெத்திலியைக் கூறு கட்டுகிற ஓர் அக்காவின் கை, ஐஸில் விறைத்து விரல் மடங்காமல் இருக்கும். அப்படியும் ஒரு கூறுக்கும் அடுத்த கூறுக்கும் ஒரு மீன் வித்தியாசம் வராது. அந்தக் கையைக் காட்டும் ஒரு படத்துக்காக நான் காத்திருக்கிறேன். இங்கே கேமரா வைத்திருக்கிற தம்பி தங்கைகள் யாராவது எடுங்கள்.

கடைசியாக ‘கொட்டுக்காளி’. பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்தது. ‘வாழை’ வந்த அதே நாளில் வந்து, அதிகம் பேர் பார்க்காமல் போனது. மீனா வேறொருவனை விரும்புகிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். மீனாவாக வரும் அன்னா பென் பேசுவதே இல்லை என்று சொல்லலாம். அவளைக் கட்டிக்கொள்ள இருப்பவராக வரும் சூரிக்குத் தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கிறது; கத்த ஆசை, குரல் வரவில்லை. வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. இத்தனை ஆம்பளைகளும் முழிக்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, மூச்சு, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு இதே சுவரில் அதைப் போடப் போகிறோம். ஃபேன் ஓடினால் பாதிப் படம் காதில் விழாது, அதனால் நிறுத்திவிடுவோம். வேர்க்கும். ஆளுக்கொரு விசிறி கொண்டு வாருங்கள்.