வேலியிலேயே இருக்கிறது முயல் தீவனம்

வணக்கம். முயல் வளர்க்கிறவர்கள் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, "உங்கள் வேலியில் என்ன மரம் நிற்கிறது?" என்றுதான். முருங்கை, அகத்தி, மல்பெரி, சூபாபுல், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே தீவனச் செலவில் பாதிக் கவலை போயிற்று. வேர் ஆழத்தில் ஓடுவதால் புல் கருகிய கோடையிலும் தழைக்கும். முருங்கை, அகத்தி இலையை உலர்த்தி எடை போட்டால் ஏறக்குறைய 25 சதவீதம் புரதம். முற்றிய புல்லில் இதில் பாதிகூடத் தேறாது.

சூபாபுல் என்றதும் எனக்கு ஒரு கோடை நினைவுக்கு வரும். வேறு தழை கிடைக்காமல் வாரக்கணக்கில் அதையே வெட்டிப் போட்டேன். ஒருநாள் தாய் முயலைத் தூக்கினால் முதுகு ரோமம் கொத்தாகக் கையோடு வருகிறது. சொறி என்று நினைத்து, விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். பொருக்கு இல்லை, புண் இல்லை, தோல் வழவழவென்று இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, சூபாபுல் கொழுந்திலும் விதையிலும் உள்ள மிமோசின் என்ற பொருள் ரோமம் வளர்வதை நிறுத்திவிடுமாம். தழையை மாற்றினேன், சில வாரங்களில் பூனை முடிபோல் மறுபடி முளைத்தது. அன்றிலிருந்து சூபாபுலை மற்ற தழைகளோடு கலந்து, அதுவும் கொஞ்சமாகத்தான் போடுகிறேன். ஒரே மரத்தை நம்பாதீர்கள், கலந்து போடுங்கள். கிளிரிசிடியா என்ற வேலி மரத்தின் தழையை நான் போடுவதே இல்லை. அந்தப் பெயருக்கே எலிக்கொல்லி என்றுதான் பொருள்.

சரி, எப்படிப் போடுவது? காலையில் பனி உலர்ந்தபின் வெட்டி, நிழலில் பரப்பி வாடவிடுங்கள். மாலையில் கொடுங்கள், முயல் இரவில்தான் நன்றாகத் தின்னும். தரையில் போடாதீர்கள். மூத்திரமும் புழுக்கையும் பட்ட இலையிலிருந்துதான் கழிச்சல் நோய் பரவும். கிளையோடு கொத்தாகக் கட்டி, மூக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள், இலை போயிருக்கும், பட்டை உரிந்து குச்சி வெள்ளை வெளேரென்று தொங்கும். முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது. அது தேய இந்த மெல்லல் வேண்டும். குடல் ஓடுவதற்கும் நார் வேண்டும். அதனால் கலந்து போடுங்கள், தொங்கவிடுங்கள், இரண்டையும் மறுபடி சொல்கிறேன்.

குட்டிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பால் மறந்த குட்டிக்குப் புதுத் தழையை ஒரேயடியாகப் போட்டால் வயிறு உப்பி, கழிச்சலில் போய்விடும். முதல் நாள் இரண்டு இலை போதும். பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கூண்டில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வணக்கம்.