பிழை ஒன்றல்ல, இரண்டு

வணக்கம் நேயர்களே. பிறந்து 48 மணி நேரமாகியும் குழந்தை முதல் மலம் கழிக்கவில்லை, வயிறு உப்புகிறது, பச்சையாக வாந்தி வருகிறது. மருத்துவர்கள் உடனே சந்தேகிக்கும் நோய்களில் ஒன்று ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கு நரம்பணுக்கள் போய்ச் சேராததால் அந்த இடம் தளராமல் இறுகியே கிடக்கும். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது.

அமெரிக்காவின் மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சமூகத்தில் இது இன்னும் அதிகம். அங்கே 13-ஆம் குரோமோசோமின் ஈடிஎன்ஆர்பி மரபணுவில் ஒரு பிழையை 1994-இல் கண்டார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இரண்டு பிரதிகளிலும் பிழை இருந்தால் நோய் வர 74 சதவீத வாய்ப்பு. ஒரு பிரதியில் மட்டும் என்றால் 21 சதவீதம். ஒரே பிழையைச் சுமந்தும் சிலர் ஏன் தப்பித்தார்கள்? மரபியலாளர் அரவிந்த சக்கரவர்த்தியின் குழு 43 குடும்பங்களில் தாய், தந்தை, நோயுள்ள பிள்ளை என மூவரையும் சோதித்து 2002-இல் விடையின் ஒரு பகுதியைச் சொன்னது: 10-ஆம் குரோமோசோமில் உள்ள ரெட் மரபணு. வேறு வேறு குரோமோசோம் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று சாராமல்தான் பிள்ளைக்குப் போக வேண்டும். நோயுள்ள பிள்ளைகளிடமோ இரண்டின் ஆபத்தான வடிவங்களும் தற்செயலைவிட அதிகமாகச் சேர்ந்து வந்திருந்தன.

ஒரு வடிவம் தற்செயலைவிட அதிகமாகக் கடத்தப்படுகிறதா என்று பார்க்கும் கணக்கு எளிது. ஒரு மரபணுவில் இரு வடிவங்களையும் வைத்திருக்கும் பெற்றோரை மட்டும் எடுங்கள். அப்படி 100 பேரில் 60 பேர் ஆபத்தான வடிவத்தைக் கொடுத்து, 40 பேர் கொடுக்கவில்லை என்றால், வித்தியாசமான 20-இன் வர்க்கத்தை 100-ஆல் வகுக்க 4 வரும். 3.84 என்ற எல்லையைத் தாண்டினால் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாது. கொடுக்கப்படாத வடிவமே ஒப்பீடு. ஆகவே சமூகத்துக்குச் சமூகம் உள்ள வேறுபாடு கணக்கைக் கெடுக்காது. ஒரு மரபணுவுக்கு 4 சேர்க்கைகள், இரண்டு மரபணு என்றால் பிள்ளைக்கு வரக்கூடிய சேர்க்கைகள் 16. வந்தது ஒன்று, ஒப்பிட 15.

சிக்கல் இனிமேல்தான். ஒரு பிழை ஆபத்தை 2 மடங்காக்குகிறது, இன்னொன்று 3 மடங்காக்குகிறது, சேர்ந்தால் 6 மடங்கு. பெருக்கல் கணக்கில் இது எதிர்பார்த்ததே. கூட்டல் கணக்கில் எதிர்பார்ப்பு 4-தான், அதனால் கூட்டுவிளைவு என்று தெரியும். எந்த அளவுகோல் என்று சொல்லாத முடிவை நான் ஏற்பதில்லை. குரோமோசோம்களில் 5 லட்சம் இடங்களை இரண்டிரண்டாகச் சோதித்தால் சுமார் 12,500 கோடி ஜோடிகள், 3.84 அங்கே எதற்கும் போதாது.

அதைவிட நுட்பமான பொறி, மரபணு வடிவத்தைப் படிக்கும் கருவியின் தவறான வாசிப்பு. பலரிடமும் இருப்பது பொது வடிவம், சிலரிடம் மட்டும் இருப்பது அரிய வடிவம். தந்தையிடம் பொது வடிவம் மட்டும், தாயிடம் இரண்டும், பிள்ளையிடமும் இரண்டும் என்று வையுங்கள். பிள்ளையைக் கருவி 'அரிய வடிவம் மட்டும்' என்று படித்தால், தந்தையோடு பொருந்தாது, பிடித்து நீக்கிவிடுவோம். 'பொது வடிவம் மட்டும்' என்று படித்தாலோ எல்லாம் பொருந்தும், தவறு உள்ளேயே தங்கிவிடும். பொது வடிவம் அதிகம் கடத்தப்பட்டதாகப் பொய்யாகத் தெரியும். அதனால் பொது வடிவத்தின் பக்கம் விடை சாய்ந்தால், ஆய்வு முடிவை எழுத உட்காருமுன் அந்த மாதிரிகளை வேறொரு முறையில் மறுபடி வாசித்துவிடுங்கள்.