சாவியை கிளவுடுக்குக் கொடுத்துவிட்டால் டேட்டா யார் கையில்? பதில் தேக்கடி மதகில் இருக்கிறது!

[காட்சி: லோயர் கேம்ப். மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள்]

எனக்குப் பின்னால் தெரிகிற குழாயில் வருவது முல்லைப் பெரியாறு தண்ணீர். அணை நிற்பது கேரள மண்ணில். மதகைத் திறப்பது தமிழ்நாட்டுக் கை. உங்கள் கம்பெனியின் டேட்டா சாவியைக் கிளவுடில் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்தக் குழாயை வைத்தே சொல்லிவிடலாம்.

வணக்கம் மக்களே, கம்பத்திலிருந்து பேசுகிறேன்.

முன்கதை சுருக்கமாக. கிளவுடில் இருக்கும் டேட்டா பூட்டித்தான் கிடக்கிறது. வழக்கமாகச் சாவியையும் கிளவுடுக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். "வேண்டாம், எங்கள் சாவி எங்கள் பொறுப்பு" என்று நாம் சொன்னால் அதற்குப் பெயர் கஸ்டமர் மேனேஜ்டு கீ. ஆபீஸ் சர்வரில் இருக்கிற அந்தச் சாவியை அமேசானின் ஏடபிள்யூஎஸ் கேஎம்எஸ், மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் கீ வால்ட் போன்ற கிளவுட் சாவிக் கிடங்குக்கு மாற்றுவது எப்படி என்பதுதான் விஷயம்.

எல்லாரும் முதலில் பயப்படுவது, "பத்து டெராபைட் டேட்டாவையும் திறந்து மறுபடி பூட்டணுமா?" என்றுதான். பெரும்பாலும் வேண்டாம். ஏனென்றால் சாவி இரண்டு. டேட்டாவைப் பூட்டுவது ஒரு சாவி. அந்தச் சாவியையே பூட்டி வைப்பது இன்னொரு சாவி, அதாவது தலைமைச் சாவி. மாற்றுவது தலைமைச் சாவியை மட்டும். ஏஇஎஸ் 256 என்ற பூட்டு முறை என்றால் உள்ளே இருக்கும் டேட்டா சாவியின் நீளம் வெறும் 32 பைட். அதைப் பழைய தலைமைச் சாவியால் திறந்து, புதியதால் பூட்டினால் முடிந்தது. பத்து டெராபைட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். தலைமைச் சாவியைக் கொண்டே நேரடியாக டேட்டாவைப் பூட்டியிருந்தால் மட்டும் முழுவதையும் மறுபடி பூட்டணும்.

[காட்சி: குமுளி மலைப்பாதை]

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். 1886-ல் போட்ட குத்தகை, 999 வருஷத்துக்கு. 1895-ல் அணை வேலை முடிந்தது. கிழக்கே வரும் தண்ணீர் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக மலையைக் கடந்து நம் பக்கம் இறங்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அணை மட்டும் இல்லை, தேக்கடித் தலைமதகும் கேரள எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நின்று திறப்பதும் மூடுவதும் எத்தனை கனஅடி போனது என்று எழுதி வைப்பதும் தமிழ்நாட்டு நீர்வளத் துறை ஆட்கள்.

கேஎம்எஸ்ஸும் அப்படித்தான். சாவி உங்கள் மேஜை டிராயரில் இருக்காது, அவர்கள் கருவிக்குள் இருக்கும். ஆனால் அதை யார் பயன்படுத்தலாம் என்ற அனுமதியை எழுதுவது நீங்கள். முடக்குவதும் நீங்கள். ஒவ்வொரு முறை திறந்ததும் ஒரு குறிப்பேட்டில் (log) பதிவாகும், மதகுப் பதிவேடு மாதிரி. வைத்திருப்பது வேறு, ஆள்வது வேறு. "சாவி உங்களிடமே இருக்கும்" என்று விற்பனைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஆளும் உரிமைதான் உங்களிடம் இருக்கும். அவர்கள் சேவை படுத்துவிட்டால் உங்கள் மதகும் திறக்காது. சாவியை வெளியிலேயே வைத்துக்கொள்ளும் வசதியை 2022-ல் ஏடபிள்யூஎஸ் கொண்டுவந்தது. அதிலோ உங்கள் கருவி படுத்துவிட்டால் டேட்டா திறக்காது. ஆள்பலம் இல்லாத சின்னக் கம்பெனிக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

கொண்டுபோகும் முறை எளிது. ஏடபிள்யூஎஸ் ஒரு பொதுச்சாவியும் (பூட்ட மட்டும் உதவும், திறக்க உதவாது) அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு டோக்கனும் தரும். அந்தப் பொதுச்சாவியால் உங்கள் சாவியைப் பூட்டி ஏற்ற வேண்டும். 24 மணி நேரத்தில் இரண்டும் காலாவதி.

இப்போது என்னைத் திகைக்க வைத்த ஒரு விஷயம். ஒரே சாவியை கேஎம்எஸ்ஸில் இரண்டு தனித்தனிப் பெயரில் ஏற்றுங்கள். ஒன்றால் பூட்டியதை மற்றொன்றால் திறக்க முடியாது! உள்ளே இருக்கும் எழுத்து எல்லாம் ஒன்றுதான், ஆனாலும் திறக்காது. எந்தக் கேஎம்எஸ் சாவியால் பூட்டியது என்பதும் பூட்டிய டேட்டாவோடு சேர்ந்தே போகிறது. அப்புறம், உள்ளே போன சாவியைத் திரும்ப வெளியே எடுக்கவும் முடியாது. அதனால் மூலப் பிரதி ஒன்றை உங்களிடம் பத்திரமாக வைத்திருந்தே ஆகணும்.

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒருவருக்கு நானே இந்த வேலையைச் செய்து கொடுத்தேன். எல்லாம் நன்றாக ஓடியது. பழைய சாவி இருந்த சர்வரை அழித்துவிட்டோம். நாலு மாதம் கழித்து ஆடிட்டர் மூன்று வருஷத்துக்கு முந்தைய கணக்கைக் கேட்டார். பேக்கப் இருந்தது, ஆனால் அது பழைய தலைமைச் சாவியால் பூட்டியது. அவருடைய கணக்குப்பிள்ளை, "தம்பி, பெட்டி இருக்குது, சாவியைத்தான் காணோம்" என்றார். அந்தக் கணக்கு கடைசிவரை கிடைக்கவில்லை. தப்பு என்னுடையது.

கிளவுடில் இதற்கு ஒரு காப்பு இருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு சாவியை அழிக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் வரை காத்திருக்கும். அஷ்யூரில் அழித்த சாவியை 90 நாள் வரை மீட்கலாம். நீங்களே ஏற்றிய சாவி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அதன் உள்ளடக்கத்தை ஏடபிள்யூஎஸ்ஸில் உடனடியாகவே அழிக்க முடியும், காத்திருப்பு கிடையாது.

எனவே இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பழைய பேக்கப்பை எடுங்கள். புதுச் சாவியை மட்டும் வைத்துத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையா? பழைய சாவியைத் தொடாதீர்கள். திறந்ததா, திறக்கவில்லையா என்று எனக்கு எழுதி அனுப்புங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.