டன்ஃபோர்த் வீதியில் ஒரு புதிய கிரேக்க உணவகம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரொறொன்ரோவின் டன்ஃபோர்த் வீதியில், செஸ்டர் நிலையத்திலிருந்து டொன்லண்ட்ஸ் பக்கமாக நீளும் பகுதியைக் கிரேக்க நகர் என்று எல்லோரும் அழைக்கின்றோம். அங்கே வீதிப் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலத்தோடு கிரேக்க எழுத்தும் இருக்கும். லோகன் சந்தியிலுள்ள சிறு பூங்காவில் மாவீரன் அலெக்சாந்தர் சிலையாக நிற்கிறான். அந்த வீதியில் விரைவில் ஒரு புதிய கிரேக்க உணவகம் திறக்கப்படவிருக்கிறது. கிரேக்க நகரில் கிரேக்க உணவகம் திறப்பது ஒரு செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். அந்த வீதியில் பல ஆண்டுகளாகக் கிரேக்கக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதையும், அவ்விடங்களில் ஜப்பானிய உணவுக் கடைகளும் மதுச்சாலைகளும் கைத்தொலைபேசிக் கடைகளும் வருவதையும் பார்த்து வந்தவர்களுக்கு அது நல்ல செய்தி. எனக்கு அது மிகவும் மகிழ்ச்சியான செய்தி. அதற்கான காரணத்தைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

கிரேக்கர்கள் இந்த நகரில் உணவகம் நடத்தத் தொடங்கியது டன்ஃபோர்த்தில் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யங் வீதியிலும் அதைச் சுற்றியும் சிற்றுண்டிச்சாலைகளும் இனிப்புக் கடைகளும் நடத்தியவர்களில் கணிசமானோர் கிரேக்கர்கள். அவர்கள் விற்றது கிரேக்க உணவு அல்ல; அன்றைய நகரத்து மக்கள் கேட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும் கோப்பியுமே அவர்களுடைய வியாபாரம். 1918 ஓகஸ்டில், போரிலிருந்து திரும்பிய படைவீரர் ஒருவருக்கும் யங் வீதியிலிருந்த ஒரு கிரேக்கச் சிற்றுண்டிச்சாலையின் பணியாளருக்கும் ஏற்பட்ட கைகலப்பு, நகரமே அதிர்ந்த கலவரமாக மாறியது. கிரேக்கர்கள் போருக்குப் போகாமல் இங்கே பணம் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு முன்னரே பரவியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே கிரேக்கம் நேச நாடுகளின் பக்கம் போரில் இறங்கிவிட்டது என்பதைக் கூட்டம் காதில் வாங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் திரண்டு, கடை கடையாகக் கண்ணாடிகளை நொறுக்கி, மேசை நாற்காலிகளை வீதியில் இழுத்துப் போட்டார்கள். பொலிசாரால் அடக்க முடியாமல் இராணுவத்தினரும் வரவழைக்கப்பட்டார்கள். அந்தச் சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட கிரேக்கக் கடைகள் தாக்கப்பட்டன. இன்று ஒவ்வொரு ஓகஸ்டிலும் இதே நகரத்து மக்கள் டன்ஃபோர்த்தில் கிரேக்க உணவுத் திருவிழாவுக்குக் கூடுகிறார்கள். அதே மாதத்தில் அவர்களுடைய முன்னோர் கிரேக்கர்களின் கடைகளை உடைத்தார்கள் என்பதை அறிந்தவர்கள் வெகு சிலரே. அந்த வரலாறு பள்ளிக்கூடங்களில் சொல்லப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

டன்ஃபோர்த் கிரேக்க வீதியானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர். உலகப் போரும் அதையடுத்து 1949 வரை நீடித்த உள்நாட்டுப் போரும் கிரேக்கக் கிராமங்களை வெறுமையாக்கின. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அங்கிருந்து பெருந்தொகையானோர் கனடாவுக்கு வந்தார்கள். 1966 இல் நிலக்கீழ் ரயில் திறக்கப்பட்டு, அந்த வழியில் ஓடிய டிராம் வண்டிகள் நிறுத்தப்பட்ட காலமும் அதுவே. 1967 இல் ஏதென்சில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அரசியல் காரணங்களுக்காகவும் பலர் வெளியேறினார்கள். பின்னாளில் கிரேக்கத்தின் பிரதமரான அந்திரேயாஸ் பப்பந்திரேயு அந்த ஆண்டுகளில் ரொறொன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்துக்கொண்டே இராணுவ ஆட்சிக்கு எதிரான இயக்கத்தை நடத்தினார். ஊரை விட்டு வந்தவர்கள் கோப்பிக் கடைகளில் கூடி இரவு வெகுநேரம் அரசியல் பேசிய காலம் அது. நம்மவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

நம்மவர்களை இங்கே நான் குறிப்பிடுவது பேச்சுக்காக அல்ல. 1983 இற்குப் பின் இந்த நகரில் வந்திறங்கிய தமிழ் இளைஞர்களில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை உணவகக் குசினியில்தான் கிடைத்தது. கோப்பை கழுவித் தொடங்கி, மரக்கறி வெட்டி, பின்னர் அடுப்படியில் நின்றார்கள். நானும் அப்படித்தான் டன்ஃபோர்த்தில் ஒரு கிரேக்க உணவகத்தின் பின்கதவால் உள்ளே போனேன். அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் சட்சிகி. வெள்ளரிக்காயைத் துருவி உப்புத் தூவி வைக்க வேண்டும். நீர் விட்டபின் வெள்ளைத் துணியில் கட்டி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் முறுக்கிப் பிழிய வேண்டும். தயிரை முதல்நாள் இரவே துணியில் தொங்கவிட்டு நீர் வடித்திருக்க வேண்டும். பிறகு உள்ளி, ஒலிவ் எண்ணெய், உப்பு, கொஞ்சம் வினாகிரி. இதில் எந்த இடத்தில் சோம்பல் பட்டாலும் மேசைக்குப் போகும் தட்டில் அரை மணி நேரத்தில் தண்ணீர் கசிந்துவிடும். தலைமைச் சமையற்காரரான முதியவர், ஒன்றும் பேசாமல் நான் பிழிந்த துணியை வாங்கித் தான் ஒருமுறை முறுக்குவார். அதிலிருந்து மீண்டும் நீர் வடியும். அவருடைய கையிலிருந்து ஒரு துளியும் வராத நாளில்தான் எனக்குச் சூட்டடுப்பின் பக்கம் போக அனுமதி கிடைத்தது.

அந்த நாட்களில் வாடிக்கையாளருக்கு வைத்த உணவுக்கும் நாங்கள் குசினியில் உண்ட உணவுக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. மேசைக்குச் சென்றது சுவ்லாக்கித் தட்டு: கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி, சோறு, எலுமிச்சை ஊற்றி வாட்டிய உருளைக்கிழங்கு, ஃபெட்டா என்னும் பாற்கட்டி தூவிய சலாது. பாற்கட்டியைப் பொரித்து, பிராந்தி ஊற்றி, மேசையருகே தீ மூட்டி, எல்லோரும் கூச்சலிடும் சகனாக்கியும் உண்டு. அந்தத் தீ மூட்டும் வழக்கம் கிரேக்கத்தில் பிறந்ததன்று. சிக்காகோவின் கிரேக்க உணவகங்களில் 1960களின் இறுதியில் தொடங்கி, பின்னர் ரொறொன்ரோவுக்கும் பரவியது. பின்பக்கத்தில் உரிமையாளரின் தாயார் தன் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் சமைத்ததோ வேறு: அவித்து ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்ட கீரைகள், தக்காளியில் நெடுநேரம் வெந்த பெரிய வெள்ளை அவரை, எண்ணெயில் மெதுவாக வேகவைத்த பூசணியும் கத்தரிக்காயும், மஞ்சள் பருப்பை மசித்து மேலே வெங்காயம் தூவிய ஃபாவா. அந்த ஃபாவா, நம் வீட்டுப் பருப்பு மசியலுக்கு உடன்பிறந்தது போலிருக்கும்.

கிரேக்கச் சமையலில் மரக்கறி இவ்வளவு செழித்திருப்பதற்குச் சமயம் ஒரு பெரிய காரணம். கிரேக்க மரபுவழித் திருச்சபையின் நோன்பு விதிகளை முழுமையாகக் கடைப்பிடிப்பவர், புதன், வெள்ளிக் கிழமைகளையும் உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தைய நீண்ட தவக்காலத்தையும் மற்ற நோன்புகளையும் சேர்த்து, ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. அந்த நாட்களில் மீன் பொதுவாக விலக்கு. ஆனால் கணவாயும் ஒக்டோபசும் இரத்தமற்றவை என்று கருதப்பட்டு அனுமதிக்கப்படுகின்றன. ஆகையால்தான் ஒக்டோபசைச் சமைப்பதில் அவர்களுக்கு அப்படியொரு கைதேர்ச்சி. தன் நீரிலேயே மூடி வேகவைத்து, ஆறவிட்டு, பின் கரி நெருப்பில் மேற்தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை சுட்டு, மேலே ஒலிவ் எண்ணெயும் உலர்ந்த ஒரிகானோவும் தூவுவார்கள். இந்த உணவுகள் பலவும் வீதியின் பெயரைப் பரப்பிய தட்டில் இடம்பெறவே இல்லை. கிரேக்க நகர் என்றால் சுவ்லாக்கி என்று நகரம் முடிவு செய்துவிட்டது. வாடகை கட்ட வேண்டியவர்கள் நகரம் கேட்டதைக் கொடுத்தார்கள்.

அதன் விலை பின்னர் தெரிந்தது. எல்லாக் கடைகளும் ஒரே தட்டை விற்றால், கடைகளுக்கிடையே மிஞ்சுவது விலைப் போட்டி மட்டுமே. 1994 இல் தொடங்கிய திருவிழா ஆண்டுக்கொரு வார இறுதியில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை வரவழைப்பதாக அமைப்பாளர்கள் கூறும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவில் மேசைகளை நிரப்பத் திருவிழாவால் முடியாது. முதல் தலைமுறை உழைத்து வீடு வாங்கி ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் குடிபெயர்ந்தது. பிள்ளைகள் மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆனார்கள். பதினான்கு மணிநேரம் அடுப்படியில் நிற்கும் வாழ்க்கையை அவர்களுக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள் பெற்றோர்களே. அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

வாடகைதான் மற்றக் காரணம். என் கணிப்பில் அதுவே பெரிய காரணம். ஒன்ராறியோவில் குடியிருப்பு வீடுகளுக்கு உள்ளது போன்ற வாடகைக் கட்டுப்பாடு கடைகளுக்கு இல்லை. உடன்படிக்கைக் காலம் முடிந்ததும் கட்டடச் சொந்தக்காரர் எவ்வளவும் கேட்கலாம். அதற்கு மேல், கட்டடத்தின் சொத்து வரியும் காப்புறுதியும் பராமரிப்புச் செலவும் பெரும்பாலும் கடைக்காரர் தலையிலேயே விழுகின்றன. அந்த வரியோ கட்டடத்தின் சந்தைப் பெறுமதியைக் கொண்டு கணிக்கப்படுவது. இரண்டு மாடிக் கட்டடம் நிற்கும் நிலத்தில் தொடர்மாடி எழும்பக்கூடும் என்றாலே அந்தப் பெறுமதி ஏறிவிடும். கீழே சட்சிகி பிழிபவர் அந்த உயர்வையும் கட்ட வேண்டும். பேப் சந்தியில் ஒன்ராறியோ ரயில் பாதைக்கான நிலையம் கட்டப்பட்டு வருவதால் நிலத்தின் விலை இன்னும் ஏறும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டடத்தைத் தாமே வாங்கி வைத்திருந்த குடும்பங்களின் கடைகள் நிலைக்கின்றன. வாடகைக்கு இருந்தவர்கள் போகிறார்கள்.

இதே டன்ஃபோர்த்தில் கிழக்கே நடந்தால் நிலைமை வேறு. டொன்லண்ட்ஸ் அருகே மதீனா பள்ளிவாசல். அதைக் கடந்து கிரீன்வூட்டுக்கு அப்பால் எத்தியோப்பிய உணவகங்கள். விக்டோரியா பார்க் பக்கம் போனால் வங்காளதேசத்தவரின் மீன் கடைகளும் இனிப்புக் கடைகளும். வாடகை குறைந்த இடத்தில்தான் புதிதாக வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தயக்கமின்றிச் சமைக்கிறார்கள், ஏனெனில் அங்கே உண்பவர்கள் அவர்களுடைய ஊரவர்களே. கிரேக்கர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் தொடங்கினார்கள்.

இனி அந்தப் புதிய உணவகத்துக்கு வருகிறேன். அதை நடத்தப்போகும் பெண் இந்த நகரில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் இதே வீதியில் மற்றவர் கடையில் சமைத்தவர். உள்ளே தச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது நான் போய்ப் பேசினேன். சுவரில் கடல் ஓவியமும் இல்லை, வெள்ளைத் தூண்களும் இல்லை. உணவுப் பட்டியலின் கையெழுத்துப் பிரதியைக் காட்டினார். கீரை இருந்தது. பெரிய அவரை இருந்தது. ஃபாவா இருந்தது. புதன், வெள்ளிக் கிழமைகளில் நோன்பு உணவு மட்டும் கொண்ட ஒரு தனிப் பக்கம் இருந்தது. சுவ்லாக்கியும் இருந்தது. சுவ்லாக்கியை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். “ஐயா, கீரையை நான் சமைப்பதற்கான வாடகையைச் சுவ்லாக்கி கட்டும்” என்று அவர் பதில் சொன்னார். அவர் கையெழுத்திட்டிருப்பது பத்தாண்டு உடன்படிக்கை. புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு கூடலாம் என்பதற்கு எழுத்தில் ஒரு மேல்வரம்பும் கேட்டு வாங்கியிருக்கிறார். பாட்டனாரின் தலைமுறை கேட்கத் தெரியாமல் விட்டதை இவர் கேட்டிருக்கிறார். அந்த ஒரு வரியைப் பார்த்தபோதுதான் இந்தக் கடை நிலைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. கடை தொடங்க எண்ணியிருக்கும் நம் இளையவர்களும், சமையற்காரரைத் தேடுவதற்கு முன்னால், உடன்படிக்கையை வாசிக்கத் தெரிந்த ஒரு சட்டத்தரணியைத் தேட வேண்டும்.

அவருடைய குசினியில் அடுப்படிக்குப் பொறுப்பாக அமர்த்தப்பட்டிருப்பவர் ஒரு தமிழர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிரேக்கச் சமையலில் ஊறியவர். சட்சிகிக்கான துணியை எப்படி முறுக்க வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை. சமையற்காரரின் பிறப்பைக் கேட்டு உணவின் உண்மையை அளப்பவர்களுக்கு என் பதில் இதுவே: அந்தக் கைகளைப் பாருங்கள், பிறகு உண்டு பாருங்கள்.

கடை திறந்தபின் நேயர்கள் போவதானால், சனிக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டு ஒரு புதன்கிழமை மாலையில் போங்கள். வண்டி நிறுத்த இடம் தேடி அலையாமல், ரயிலில் போய்ப் பேப் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மரக்கறி உண்பவர்களுக்கு அன்றைய நோன்புப் பக்கம் முழுவதும் பொருந்தும். கணவாயும் ஒக்டோபசும் உள்ள வரிகளை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு தவிர்த்தால் போதும். ஃபாவாவையும் கீரையையும் முதலில் கேளுங்கள். பாணை அதன் எண்ணெயில் தோய்த்து உண்ணுங்கள். இறைச்சி வேண்டுமானால் அதன் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.