962-உம் 967-உம்

நடுவர் அவர்களே, நாகர்கோவில் பெரியோர்களே, வணக்கம். குற்றம் குறையத் தேவை கடுமையான தண்டனையா, சமூக மாற்றமா என்பது தலைப்பு. நாலு பேரைத் தூக்கில் போட்டால் ஐந்தாவது ஆள் பயப்படுவான் என்றார் எதிரணித் தலைவர். கைதட்டலும் வாங்கினார்.

ஐயா, அதை நம்ம மண்ணிலேயே பார்த்தாயிற்று. 1956 நவம்பர் 1 வரை நாம் இருந்தது திருவிதாங்கூரோடு. அந்த சமஸ்தானம் 1944-இல் தூக்குத் தண்டனையை எடுத்துவிட்டது. 1945 முதல் 1950 வரை அங்கே நடந்த கொலைகள் 962. அப்புறம் தூக்கு திரும்பி வந்தது. 1950 முதல் 1955 வரை 967. பயப்பட வேண்டிய அந்த ஐந்தாவது ஆள் எங்கே போனான்?

ஆத்திரத்தில் அரிவாளை எடுக்கிறவன் சட்டப் பிரிவை நினைப்பதில்லை. திட்டம் போட்டுச் செய்கிறவனோ மாட்டமாட்டோம் என்று நம்பித்தான் இறங்குகிறான். தண்டனை பத்து வருடமா தூக்கா என்பது அவன் கணக்கிலேயே இல்லை. கட்டாயம் மாட்டுவோம் என்றால்தான் அவனுக்குக் கை நடுங்கும்.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். ஒரு ஆடி மாதம், திண்ணைக் கொடியில் காயப்போட்டிருந்த ஏழு ரப்பர் ஷீட் காணோம். எடுத்தவன் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரின் மகன், பத்தொன்பது வயசு. மூன்று வாரம் விடாத மழை. மழை பெய்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் கூலி கிடையாது. எடுத்ததை விற்கவும் பயம் அவனுக்கு. கட்டிலுக்கு அடியில் பூசணம் பிடித்துக் கிடந்தது ஷீட். போலீசில் கொடு என்று ஊரே சொன்னது. அப்பா கொடுக்கவில்லை. ஷீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் எங்கள் மிஷினில் ஷீட் அடிக்க அவனையே நிறுத்தினார். கூலியும் கொடுத்தார்.

அன்றைக்கு அது அப்பாவின் மனசு. இன்றைக்குச் சட்டமே அந்தப் பக்கம் ஓர் அடி வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதல் தடவை தண்டனை பெறுகிறவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. சரி, மழை மாதத்தில் அந்த வீட்டு அடுப்பு எரிய எந்தப் பிரிவு வழி சொல்கிறது? எங்கள் அணி அதைத்தான் கேட்கிறது.

எதிரணியில் அடுத்து வருகிறவர் 962-க்கும் 967-க்கும் முதலில் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. தூக்குக் கயிற்றைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.