சமூகத் தொலைக்காட்சி நிலையத்தில் ஊழியர் எதற்கு, தன்னார்வலர் எதற்கு?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் கேபிள் தொலைக்காட்சி பார்க்கும் பலர், அலைவரிசைகளை மாற்றிக்கொண்டே போகும்போது, நகர மன்றக் கூட்டம் ஒன்று வெட்டப்படாமல் முழுநீளத்தில் ஓடிக்கொண்டிருப்பதையோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊரின் பழைய பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதையோ ஓரிரு நொடிகள் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்பார்கள். அந்த நிகழ்ச்சிகள் உருவாகும் சமூகத் தொலைக்காட்சி நிலையங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். இந்தக் காணொளியையும் அதன் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்துதான் பதிவு செய்கிறேன். இங்கே ஊதியம் பெற்றுப் பணியாற்றுபவர்கள் முதலாவதாகக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள், அடுத்தபடியாகத்தான் தயாரிப்பாளர்கள் என்பது என் உறுதியான கருத்து. அந்த வரிசை மாறும்போது, நிலையம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதையே இழந்துவிடுகிறது.

இந்தக் கருத்தை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1967-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம், இயக்குநர் காலின் லோவின் தலைமையில், நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய ஃபோகோ தீவில் குறும்படங்கள் எடுத்தது. மீன்பிடித் தொழிலை நம்பியிருந்த அந்தத் தீவு மக்களை வேறிடத்தில் குடியேற்றிவிடலாம் என்று அரசு எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. எடுத்த படங்களை முதலில் அவற்றில் பேசியவர்களுக்கே திரையிட்டுக் காட்டி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே வெளியாருக்குக் காட்டினார்கள். ஒரே தீவில் வாழ்ந்தும் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளாத ஊர்களின் மக்கள், திரையில் மற்ற ஊராரின் குறைகளைக் கேட்டபோது தங்கள் குறையும் அதுவே என்று உணர்ந்தார்கள். பின்னர் மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டு தீவிலேயே நிலைத்தார்கள். இந்த முயற்சியை உள்ளடக்கிய ‘மாற்றத்துக்கான அறைகூவல்’ என்ற கனடியத் திட்டத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டோனி, நியூயார்க்குக்குத் திரும்பி, ரெட் பர்ன்ஸ் அம்மையாருடன் சேர்ந்து 1971-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாற்று ஊடக மையத்தைத் தொடங்கினார். தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய சோனி போர்ட்டபேக் என்ற வீடியோ பதிவுக் கருவி அப்போது கைக்கு வந்திருந்தது. ஸ்டோனி தம் மாணவர்களுக்கும் குடியிருப்புவாசிகளுக்கும் அந்தக் கருவியைக் கையாளக் கற்றுக்கொடுத்தார். அதே ஆண்டில் மன்ஹாட்டனில் பொதுமக்களுக்கான கேபிள் அலைவரிசைகள் இயங்கத் தொடங்கின.

சட்டத்தின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972-இல் எஃப்சிசி எனப்படும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம், பெரிய நகரச் சந்தைகளில் இயங்கும் கேபிள் நிறுவனங்கள் பொதுமக்களுக்கும் கல்விக்கும் அரசுக்கும் அலைவரிசைகளை ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகளை நீக்கிவிட்டது. 1984-ஆம் ஆண்டின் கேபிள் சட்டம், அலைவரிசை ஒதுக்குமாறு உரிமம் வழங்கும் உள்ளூர் நிர்வாகமே கேட்கலாம் என்று வழி திறந்தது. தெருவோரங்களில் கேபிள் பதிக்க ஊரின் பொது இடத்தைப் பயன்படுத்தும் நிறுவனம், அதற்கு ஈடாக ஊருக்கு ஏதேனும் திருப்பித் தர வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

இப்போது கேமராவைச் சற்றுத் திருப்புகிறேன். திரையில் நீங்கள் காணும் இந்தப் பொத்தான் பலகைதான் ஸ்விட்சர். மூன்று கேமராக்களில் எதன் படம் வெளியே போக வேண்டும் என்பதை இங்கே அமர்பவர் மாற்றுகிறார். அவருக்குப் பக்கத்தில் இயக்குநர்; அந்த மூலையில் ஆடியோ மிக்சர்; இந்தக் கணினியில் திரையின் அடிப்பகுதியில் வரும் பெயர்ப்பட்டைகள் தயாராகின்றன. கண்ணாடிக்கு அப்பால் ஸ்டுடியோ தளத்தில் கேமராக்காரர்கள் மூவரும், பேசுபவர்களுக்குச் சைகை காட்டும் ஃப்ளோர் மேனேஜரும் நிற்பார்கள். எல்லோர் காதிலும் ஹெட்செட் இருக்கும். அரை மணி நேர உரையாடல் நிகழ்ச்சிக்கே எட்டுப் பேர் தேவைப்படுகிறார்கள். அந்த எட்டுப் பேரும் பகலில் வேறு வேறு வேலைகளைச் செய்துவிட்டு மாலையில் இங்கே வருபவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

புதிதாக வருபவர் பயிற்சி வகுப்பை முடித்துச் சான்று பெற்ற பிறகே கருவிகளைப் பதிவு செய்து எடுக்க முடியும். வகுப்பில் ஒளிக்கேற்ப நிறங்களைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலை அமைப்பது, பேசுபவரின் தலைக்கு மேல் எவ்வளவு இடம் விடுவது, முதன்மை விளக்கையும் நிரப்பு விளக்கையும் பின்விளக்கையும் எங்கே நிறுத்துவது, கேபிளை முறுக்கில்லாமல் சுருட்டுவது என்று எல்லாம் சொல்லித்தரப்படும். ஆனால் உண்மையான கல்வி ஹெட்செட்டில்தான் நடக்கிறது. இயக்குநர் “இரண்டு தயார்” என்று சொல்லி ஒரு மூச்சு இடைவெளி விட்டு, அதன் பிறகே “இரண்டு எடு” என்று சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டாம் கேமராக்காரர் அசைவை நிறுத்திக்கொள்வார், ஸ்விட்சரில் இருப்பவர் விரலைப் பொத்தானின் மேல் வைத்துக்கொள்வார், ஆடியோவில் இருப்பவர் அடுத்த மைக்கைத் திறக்க ஆயத்தமாவார். ‘தயார்’ என்ற சொல்லை விட்டுவிடும் இயக்குநரிடம் எவ்வளவு நல்ல குழுவும் தடுமாறும். அந்தச் சொல்லின் மதிப்பை, எதிரே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஒருவர் கற்றுக்கொள்ள முடியும்.

ஊழியரின் பெருமை தெரியும் இடமும் இதுதான். தொழில்முறைப் பயிற்சி பெற்ற ஒருவருக்கு, தன்னார்வலர் ஒருவர் தவறான நேரத்தில் படத்தை மாற்றும்போது, கையை நீட்டித் தானே அந்தப் பொத்தானை அழுத்திவிட வேண்டும் என்ற துடிப்பு எழும். நல்ல ஊழியர் அந்தத் துடிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் நிற்கிறார். நிகழ்ச்சி முடிந்த பிறகு பதிவை ஓடவிட்டு, “இந்த இடத்தில் விருந்தினர் மூச்சு இழுக்கிறார், பார்த்தீர்களா? அப்போதே மாற்றியிருக்கலாம்” என்று சொல்கிறார். நீச்சல் கற்றுக்கொடுப்பவர் நீரிலேயே நின்றுகொண்டு பிடியை மட்டும் தளர்த்துவதுபோன்ற பொறுமை அது. ஊழியரே எல்லாவற்றையும் செய்துவிடும் நிலையங்களில் படம் பளபளப்பாக இருக்கும், ஆனால் ஒரு பருவம் முடிந்த பிறகும் சொந்தமாக நிகழ்ச்சி நடத்தத் தெரிந்த புதியவர் ஒருவர்கூட அங்கே உருவாகியிருக்க மாட்டார். அதை நான் வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றில் மட்டும் ஊழியர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கருதுகிறேன். அது ஒலி. படம் சற்று ஆடினாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை என்றால் அடுத்த நிமிடமே விலகிவிடுவார். சட்டையில் குத்தும் மைக்கில் துணி உரசுகிறதா, விருந்தினர் வழக்கமான குரலில் பேசும்போது அளவு எங்கே நிற்கிறது, உரக்கச் சிரித்தால் சிதைகிறதா என்பதையெல்லாம் பதிவு தொடங்கும் முன் சரிபார்க்காமல் யாரையும் இருக்கையில் அமர விடக் கூடாது. ஒலி சிதைந்துபோன பதிவைப் பிற்பாடு சீர்செய்வது பெரும்பாலும் இயலாத காரியம்.

நகர மன்றக் கூட்டத்தின் ஒளிபரப்பு இதிலிருந்து வேறுபட்டது. அங்கே தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களை ஒருவரே கையாள்வார். பேசுபவரைக் காட்டு, பிறர் முகபாவனையைத் தேடிப் போகாதே என்ற நெறியைப் பல நிலையங்கள் பின்பற்றுகின்றன. உறுப்பினர் ஒருவர் பேசும்போது மற்றொருவர் முகம் சுளிப்பதைக் காட்டினால், அந்தக் காட்சியே ஒரு கருத்துரையாகிவிடும். தொடக்கம் முதல் கூட்டம் கலையும் வரை வெட்டாமல் காட்டுவதால், ஊர்க்காரர் யாரும் இடைத்தரகர் இன்றி முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் காண முடிகிறது. உள்ளூர்ச் செய்தித்தாள்கள் அடுத்தடுத்து மூடப்பட்டு வரும் இக்காலத்தில், சில ஊர்களில் அந்த அறையில் இருக்கும் ஒரே பதிவுக் கருவி இந்தக் கேமராதான்.

பொதுமக்கள் அலைவரிசையில் நிகழ்ச்சியின் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு அதைத் தயாரிப்பவரையே சேரும். அவர் கையெழுத்திடும் படிவத்தில் அது எழுதியிருக்கும். பதிப்புரிமை, விருந்தினரின் ஒப்புதல் ஆகியவற்றை அவர்தான் பெற வேண்டும், வணிக விளம்பரம் செய்யக் கூடாது. நிலையம் அவருடைய கருத்தைத் திருத்துவதில்லை. இந்தச் சுதந்திரத்தின் எல்லை குறித்து மன்ஹாட்டனில் எழுந்த வழக்கில், அலைவரிசையை நடத்தும் தனியார் அமைப்பை அரசின் அங்கமாகக் கொள்ள முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டம் தரும் பேச்சுரிமை அரசை மட்டுமே கட்டுப்படுத்துவது. ஆகவே தயாரிப்பாளரின் உரிமை, அரசமைப்புச் சட்டத்தைவிட, ஊர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தையும் நிலையத்தின் விதிகளையுமே பெரிதும் சார்ந்திருக்கிறது.

நான் மிகவும் கவலைப்படுவது பணத்தைப் பற்றித்தான். கேபிள் சேவையிலிருந்து கிடைக்கும் மொத்த வருவாயில் 5 விழுக்காட்டுக்கு மேற்படாத உரிமக் கட்டணத்தை ஊர் நிர்வாகம் வசூலிக்கலாம். அந்தத் தொகை நிலையத்துக்கே வந்து சேரும் என்ற உறுதி கிடையாது. ஊரின் பொது நிதியில் சேர்த்துக்கொள்ளவும் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. மக்கள் கேபிளைத் துண்டித்துவிட்டு இணையத்துக்கு மாறும்போது, இணையச் சேவையின் வருவாய் இந்தக் கணக்கில் வராததால், கட்டணம் ஆண்டுதோறும் சுருங்குகிறது. இதைவிடக் கடினமான முடிச்சு ஒன்று உண்டு. அந்த உச்சவரம்புக்கு மேல் கேபிள் நிறுவனம் தரும் தொகையை, கட்டடம், கருவிகள் போன்ற மூலதனச் செலவுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். ஊதியத்துக்குப் பயன்படுத்த இயலாது. எனவே அலமாரியில் புதிய கேமராக்கள் இருந்தும், அவற்றைக் கற்றுக்கொடுக்க ஆளில்லாத நிலை ஏற்படுகிறது. தன்னார்வலர் நிறைய இருக்கிறார்களே, ஊழியர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கற்றுக்கொடுப்பவர் போய்விட்டால், அடுத்து வரும் தன்னார்வலர் ஒரு மாலை சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வராமல் போய்விடுவார்.

உங்கள் ஊரின் கேபிள் உரிமம் எப்போது முடிகிறது என்பதை நகர அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில மாநிலங்களில் உரிமத்தை மாநில அரசே வழங்குவதால் நடைமுறை வேறாக இருக்கும். உள்ளூரிலேயே உரிமம் வழங்கும் ஊர்களில், முறைப்படியான புதுப்பிப்பு நடவடிக்கை, காலம் முடிவதற்கு 36 மாதங்கள் முன்பிருந்து 30 மாதங்கள் முன்பு வரையிலான இடைவெளியில் தொடங்க வேண்டும் என்று சட்டம் வகுத்திருக்கிறது. ஊரின் எதிர்காலத் தேவைகளைப் பொதுமக்கள் எடுத்துரைக்க அதில் இடம் உண்டு. அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது, கேமராக்களின் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் பேசாமல், உரிமக் கட்டணத்தில் எத்தனை விழுக்காடு நிலையத்துக்குப் போகும், பயிற்சியாளரின் ஊதியத்துக்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கப்படும் என்று கேளுங்கள். பதில் கூட்டக் குறிப்பில் ஏறும்வரை கேளுங்கள்.